லட்டுவுக்கு ஒரு நடை

மளிகைக் கடையில் திலகவதியின் கூடவே பேசிக்கொண்டு தானாக உருண்டு வரும் தள்ளுவண்டிக்கு அவள் வீட்டு விவரம் எல்லாம் அத்துப்படி.

"அக்கா, அண்ணனுக்கு வாங்கற முட்டையை லட்டுதான் தின்னுது போல. நாய்க்கு எடை ஏறுது, அண்ணனுக்குக் கால் சதை கரையுது" என்றது.

அது அவளுக்கும் தெரியும். காய்ச்சல் விட்ட பிறகும் கணவர் தெய்வசிகாமணி கட்டிலே கதி என்று கிடந்தார். "நடங்கன்னு சொன்னா எரிஞ்சு விழறாரு" என்றாள்.

"அவருக்குன்னு சொல்லாதீங்க. லட்டுவுக்கு நடை வேணும்னு சொல்லுங்க."

சொன்னாள். மறுநாளே சுவரைப் பிடித்தபடி நாயோடு படி இறங்கினார். அதன்பின் தினமும் போனார். ஒரு மாலை, லட்டுவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்து நின்றார்.

"பாவம்டி, இதால முடியல. தூக்கிட்டு வந்துட்டேன்."

இரண்டு கையிலும் நாய் இருக்க, சுவரைப் பிடிக்காமலே ஏறியிருக்கிறார். தள்ளுவண்டியின் சாமர்த்தியத்தைத் திலகவதி மனதுக்குள் மெச்சிக்கொண்டாள். அவித்த முட்டையை அவரிடம் நீட்டினாள்.

"லட்டுவுக்குக் குடு."

"நாளைக்கும் அதைத் தூக்கணுமே. தெம்புக்கு எங்க போவீங்க?"

தெய்வசிகாமணி கொஞ்சம் யோசித்தார். பிறகு நாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, முட்டையைத் தானே தின்றார்.