ஒரு துண்டு அல்வா

பையன் கையிலிருந்த அல்வாவைப் பிடுங்கித் தெருவில் வீசினாள் குழல்வாய்மொழி. வீசிய வேகத்திலேயே விரலை அவன் வாய்க்குள் விட்டு மிச்சத்தையும் வழித்தெடுத்தாள்.

“ஏம்மா, பச்சைப் பிள்ளையைப் போட்டு இந்தப் பாடா படுத்துவ?” கடைக்காரர் சங்கிலிப்பாண்டி கல்லாவை விட்டு இறங்கி வந்தார். “ருசி பாக்கட்டும்னு ஒரு துண்டு குடுத்தேன். அது ஒரு குத்தமா?”

“இதுல முந்திரி கிடக்கா அண்ணாச்சி?”

“முந்திரி இல்லாம அல்வாவா? அள்ளிப் போட்டுல்லா கிண்டியிருக்கு!”

சாரல் விட்டிருந்தது. மெயின் அருவியில் குளித்துவிட்டுத் திரும்புகிற கூட்டம் கடையைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. பையனின் தலையும் டவுசரும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தன. குழல்வாய்மொழியின் சேலையில் ஒரு பொட்டு ஈரமில்லை.

அவனுடைய கீழுதடு தடித்துத் தொங்கியது. கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு. “அம்மா...” என்று இழுத்தவனுக்குக் குரல் கம்மிப்போய், மூச்சோடு விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது.

“பயப்படாதலே. நான் இருக்கேன்.” அவனைத் தூக்கிக் கடை பெஞ்சில் கிடத்தினாள். தூக்கும்போதே எடையை மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டாள். இருபது கிலோ தேறுவான்.

ஆளாளுக்கு வைத்தியம் சொன்னார்கள். “அருவித் தண்ணி ஒத்துக்கிடல.” “ஏதோ வண்டு கடிச்சிருக்கு, தேங்காண்ணெய் தடவுங்க.” “கொஞ்சம் காத்து வரட்டும், ஒண்ணும் ஆவாது.”

ஒண்ணும் ஆவாது. பண்பொழியில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியிலும் அவள் இதைக் கேட்டிருக்கிறாள். அன்றைக்கு அப்படிச் சொன்ன அத்தனை வாயும், சாயங்காலம் ஐ.சி.யூ. வாசலில் பேச்சில்லாமல் நின்றன. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை அவள் யாரிடமிருந்தும் வாங்கிக்கொள்வதில்லை.

தோள்பையைத் திறந்து ஒவ்வாமைக்கான ஊசியை எடுத்தாள். இடுப்பில் ஈரத் துண்டோடு நின்ற ஒரு தடித்த ஆள் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

“நீ டாக்டரா?”

“இல்ல.”

“நர்ஸா?”

“இல்ல. கையை விடுங்க.”

“கண்ட ஊசியையும் போட்டுப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா இந்தப் போஸ்டுலயே கட்டி வச்சு என்னை அடிங்க. இப்ப விடுங்க!”

அவள் போட்ட சத்தத்தில் பிடி தளர்ந்தது. “பெத்தவளுக்குத் தெரியாததா? விடுங்கய்யா,” என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் அதட்டினாள்.

டவுசரை ஒதுக்கி, தொடையின் வெளிப்பக்கத்தில் குத்தி, அவன் எடைக்குத் தக்க அளவு மருந்தை ஏற்றினாள். பையன் வீறிட்டான். அந்தச் சத்தம் வந்ததே அவளுக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது.

சங்கிலிப்பாண்டியின் முகம் வெளுத்துப்போயிருந்தது. “ஊரே திங்குத அல்வா தாயி. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆனதில்லையே...”

“அல்வாவுல குத்தமில்ல அண்ணாச்சி. கேக்காமக் குடுத்ததுதான் குத்தம். சில பிள்ளைகளுக்கு முந்திரி விஷம். இனிமே எந்தப் பிள்ளை வந்து நின்னாலும், கூட வந்தவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுக் குடுங்க.”

பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டோ ஸ்டாண்டுக்கு ஓடினாள். முதல் வண்டி குத்தாலிங்கத்துடையது. பையனின் முகத்தைப் பார்த்ததும் அவன் பின்வாங்கினான்.

“வேற வண்டி பாருங்கக்கா. வழியில எதாவது ஆயிட்டுன்னா போலீசு, கேசுன்னு நான்லா அலையணும்.”

அவள் ஏறி உட்கார்ந்து பையனை மடியில் கிடத்தினாள். “நான் இறங்க மாட்டேன். நீ ஓட்டுதியா, நான் ஓட்டவா?”

குத்தாலிங்கம் வண்டியைக் கிளப்பினான். பின்னாலேயே ஓடி வந்த சங்கிலிப்பாண்டியைப் பார்த்து அவள் கத்தினாள். “தேடி வருவாங்க அண்ணாச்சி! தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து ஆஸ்பத்திரின்னு சொல்லிருங்க!”

“உன் வீட்டுக்காரர் ஆளு எப்படி இருப்பாருன்னு சொல்லிட்டுப் போம்மா!”

ஆட்டோ அதற்குள் திருப்பத்தைத் தாண்டிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்து, டிரிப்ஸ் ஏற்றினார்கள். வெகு நேரத்துக்குப் பிறகு பையனின் மூச்சு சீரானது. உதட்டு வீக்கம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. டாக்டர் ப்ரீதா ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள்.

“அங்கனயே ஊசியைப் போட்டீங்க பாருங்க, அதுதான் இவனைக் காப்பாத்திச்சு. எப்படி ரெடியா கையில வச்சிருந்தீங்க?”

“எப்பவும் பையில இருக்கும் டாக்டர்.”

“எல்லா அம்மாவும் இப்படி இருந்துட்டா எங்களுக்குக் கவலையே இல்ல. திரும்ப வீங்க வாய்ப்பிருக்கு, அதனால நாளைக்கு வரைக்கும் இங்கனயே வச்சுப் பாக்கணும்.” டாக்டர் பேனாவை எடுத்தாள். “பையன் பேரு என்ன?”

சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள் குழல்வாய்மொழி.

“தெரியாது டாக்டர். அந்த ஊசி எம்மவனுக்காக வச்சிருக்கது. அவன் பள்ளிக்கூடத்துல இருக்கான்.”