பாதித் தலைக்கு ஒரு பாட்டில்

காலையில் பல் தேய்த்தேன். கடுங்காப்பி குடித்தேன். தலையின் இடப்பக்கத்துக்கு ஜெசிந்தாவின் மூலிகை எண்ணெய் பாட்டில், வலப்பக்கத்துக்கு என் மலிவு எண்ணெய் பாட்டில். இன்றோடு இரண்டும் காலி.

எனக்கும் என் மனைவி ஜெசிந்தாவுக்கும் பந்தயம். எந்தப் பக்கம் முடி அடர்த்தியோ அந்த எண்ணெய் ஜெயித்ததாகக் கணக்கு. தோற்றவருக்கு உவரி அந்தோணியார் கோயிலில் மொட்டை.

தீர்ப்புக்கு லாசர் அண்ணாச்சி சலூனுக்குப் போனேன். மூலிகை எண்ணெயைக் காய்ச்சி விற்பவரே அவர்தான்.

தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“நம்ம எண்ணெய் தேச்ச இடப்பக்கம் காடு மாதிரி இருக்கு, தம்பி. வலப்பக்கம் வெறும் உப்பளம்!”

“அப்ப நான் தோத்தாச்சு. நாளைக்கு உவரிக்குப் போறேன்.”

அவர் சீப்பைக் கீழே வைத்தார்.

“பந்தயம் கட்டுன தங்கச்சியே போய்ச் சேந்துட்டா. இனி எதுக்குத் தம்பி மொட்டை?”

ஆஸ்பத்திரிக் கட்டிலில், மூச்சு வாங்க வாங்க, ஜெசிந்தா கடைசியாகச் சொன்னது இதுதான்:

“அரைச் சொட்டைப் புருசனோட நான் எப்படிப் பூசைக்கு வாரது? அதான் ஒங்க பாட்டில்லயும் என் எண்ணெயவே ஊத்தி வச்சேன். மோந்து பாத்தும் தெரியல, பெரிய பி.எஸ்சி.!”