ஆஃப்ரீனின் கோச்

புதுக்கோட்டையில் மாவட்டச் செஸ் போட்டி. ஃபைனல் முடிந்து இலக்கியா சிரித்த முகத்தோடு வெளியே வந்ததும், நாகராசு ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஜெயிச்சிட்டியா ஆத்தா?"

"இல்லப்பா, தோத்துட்டேன்."

அவர் முகம் சுண்டிப்போனது. போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் அவள்தான் சாம்பியன்.

"தோத்துட்டா சிரிக்கிறே? யாரு அந்தப் புள்ள?"

"ஆஃப்ரீன்னு பேரு. ஏழாவது படிக்கிறா. செமையா ஆடுனாப்பா!"

"பெரிய எடத்துல கோச்சிங் போற புள்ளையா இருக்கும். நம்மளால முடியுமா? வா, ஜெகதாப்பட்டினம் பஸ் போயிரும்."

"பரிசு குடுக்குறதப் பாத்துட்டுப் போவோம்ப்பா."

மகள் கெஞ்சியதால் வேண்டாவெறுப்பாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கோப்பையை வாங்கிய ஆஃப்ரீனிடம் மைக்கை நீட்டி, "ஒன்னோட கோச் யாரும்மா?" என்று கேட்டார்கள்.

"எங்க அத்தா கடலுக்குப் போறவரு. கோச்சிங் போக வசதி இல்லைங்க. எங்க ஸ்கூல் அக்கா ஒருத்தவங்க மத்தியானச் சாப்பாட்டு பெல்லுல, வர்ற எல்லாருக்கும் தரையில சாக்பீஸ்ல கட்டம் போட்டுச் சொல்லித் தருவாங்க. அவங்கதான் என் கோச்சு. இன்னைக்கு ஃபைனல்ல என்கூட ஆடுனதும் அவங்கதான்!"

அரங்கமே எழுந்து கைதட்டியது. மேடையிலிருந்து கூப்பிட, இலக்கியா கூச்சத்தோடு எழுந்து போனாள்.

நாகராசு பக்கத்தில் நின்றவரின் தோளைத் தொட்டுச் சொன்னார்:

"அந்தா போறா பாருங்க, ஃபைனல்ல தோத்தவ... எம் பொண்ணுங்க!"