முதல் கொத்து

"பார்த்தீங்களாக்கா? இன்னைக்கும் முதல் கொத்து அவளுக்குத்தான் போகுது!"

பியூலா கையிலிருந்த வாளியை மணலில் தொப்பென்று வைத்தாள். தூரத்தில் அவள் கணவன் எல்வுட், கீரைப் பையை வண்டியின் முன்னால் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தான்.

அவனுடைய அக்கா மர்ட்டில் குனிந்த தலை நிமிரவில்லை. "போனா போகட்டும். நீ நுனியை மட்டும் கிள்ளு. கோபத்துல வேரோட பிடுங்காதே."

அலாஸ்காவின் அந்தக் கரையில், ஐஸ் விலகிய கையோடு மணலைத் துளைத்துக்கொண்டு வருகிற கீரை அது. இலை தடிமனாக இருக்கும். கடித்தால் தண்ணீர் தெறிக்கும். உப்புக் காற்றில் வாடாமலிருக்க அது கண்டுபிடித்த வழி. காற்று மணலை அள்ளிப் போட்டு மூடினாலும் சளைக்காது, மூடிய மணலுக்கு மேலே புதிதாக ஒரு முளை விடும். பூப்பதற்குள் பறித்துவிட வேண்டும். பூத்தால் கசக்கும்.

பியூலாவுக்கு இப்போதே கசந்தது.

"கடையில அத்தனை பேர் முன்னாடி, 'என் பொண்டாட்டி எங்கே'ன்னு அவளைத் தேடறார். பக்கத்துல நான் மரம் மாதிரி நிக்கறேன்! எனக்கு எப்படி இருக்கும்?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே சொன்னானே. நௌயாக்தான் என் முதல் பொண்டாட்டி, அவளை விட்டுட மாட்டேன்னு. நீயும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினே."

"ஆட்டினேன். இவ்வளவு தூரம் போகும்னு தெரியலையே! மீன் பிடிச்சா பெருசு அவளுக்கு. குளிர் வந்தா ரோமத் தொப்பி அவளுக்கு. போன வாரம் நான் ஊறவெச்ச கீரையை வாயில வெச்சுட்டு, 'நௌயாக் கைப்பக்குவம் வராது'ன்னார். எனக்கு அப்படியே வாளியைக் கவுத்துடலாம்னு இருந்துச்சு."

மர்ட்டில் சிரித்துவிட்டாள். "அவகிட்டப் போய் உனக்கென்னடி போட்டி? ஊர் சிரிக்கும். நீ பெரியவ, விட்டுக்கொடு."

"விட்டுக்கொடுத்தது போதும். இப்பவே போய் அவகிட்ட நேராக் கேக்கப் போறேன். அவ சரின்னா இருக்கேன். இல்லன்னா, வெள்ளிக்கிழமை விமானத்துல எங்கக்கா ஊருக்குப் போயிடறேன்."

மர்ட்டிலின் சிரிப்பு நின்றது. "நிஜமாவா? அவ சொல்றபடி செய்வியா?"

"அவளைத் தவிர வேற யாருக்கு அதைச் சொல்ற உரிமை இருக்கு?"

பியூலா வீட்டுக்கு வந்து ஜாடியைத் திறந்தாள். கீரையை வேகவைத்து, பொடியாக நறுக்கி, தினமும் கிளறிவிட்டு அவளே புளிக்கவைத்தது. ஒரு கிண்ணத்தில் அள்ளி, மேலே சீல் என்கிற கடல்நாயின் எண்ணெயை ஊற்றிக்கொண்டு கிளம்பினாள்.

நௌயாக் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே யாரோ பாத்திரம் கழுவும் சத்தம். நௌயாக் மேஜை முன்னால் உட்கார்ந்து, எல்வுட் கொண்டுவந்த பச்சைக் கீரையை ஒவ்வொரு இலையாக மென்றுகொண்டிருந்தாள்.

பியூலா கிண்ணத்தை நீட்டினாள். "நான் செஞ்சது."

நௌயாக் விரலால் எடுத்து வாயில் வைத்தாள். பியூலா அவள் முகத்தையே பார்த்தாள்.

"எப்படி இருக்கு?"

"புளிக்குது."

"பிடிக்கலையா?"

"எனக்குப் புளிச்சாத்தான் பிடிக்கும்." இன்னொரு வாய் எடுத்துக்கொண்டாள்.

அந்தத் தைரியத்தில் பியூலா கேட்டுவிட்டாள். "எல்வுட்டை எனக்குக் கொடுப்பியா? அவர் உன்னோடவர்னு தெரியும். ஆனா நீ சரின்னு சொல்லாம அந்த வீட்டுல என்னால இருக்க முடியலை."

நௌயாக் விரலில் வழிந்த எண்ணெயை நக்கியபடி யோசித்தாள்.

"அவர் குறட்டை விடுவாரே."

"தெரியும்."

"எனக்கு வேண்டாம். நீயே வெச்சுக்கோ."

பியூலாவுக்கு எங்கிருந்து அவ்வளவு அழுகை வந்ததோ, கதவைப் பிடித்துக்கொண்டு விம்மினாள்.

சத்தம் கேட்டு ஈரக் கையோடு ஓடிவந்த நௌயாக்கின் அம்மா, "ஐயோ, இவ என்னத்தைச் சொல்லித் தொலைச்சா?" என்று பதறியபடி மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எல்வுட்டின் முதல் மனைவி கடலில் மூழ்கி இறந்த அதே வருஷம் பிறந்து, அந்த ஊர் வழக்கப்படி அவளுடைய பெயரையும் பெயரோடு அவள் உறவுகள் அத்தனையையும் வாங்கிக்கொண்ட நௌயாக்குக்கு, இன்னும் நாலு வயது முடியவில்லை.