டிரம்ஸுக்கு அடியில்

ஜெரால்டு மடிக்கணினியில் உருவாக்கிய எலக்ட்ரானிக் இசையைக் கேட்ட நண்பர்கள் எல்லோரும் "செம மச்சி" என்று சொல்லிவிட்டு ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். கடைசியாகக் கேட்டவள் கல்லூரித் தோழி நவமணி. அன்று மாலை கடற்கரை மேடையில் அவனுக்கு முதல் நிகழ்ச்சி. இந்த நேரத்தில் போய்க் குறை சொல்வதா என்று தயங்கினாள். ஆனாலும் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"டிரம்ஸ் நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இந்த மாதிரி நெறைய கேட்டாச்சு. அதுக்கு அடியில ஏதோ பொரியுதே, அது என்ன?"

அவன் கூச்சத்தோடு தலை குனிந்தான். "அப்பளம். வீட்டுல பொரிக்கிறப்ப ரெக்கார்ட் பண்ணேன். சிரிப்பாங்கன்னு உள்ள அமுக்கிட்டேன்."

"அதுதான்டா உன்னோடது. மொதல்ல அது மட்டும் வரட்டும். டிரம்ஸ் அப்புறம் வந்தா போதும்."

"உனக்கென்ன, மேடையில நிக்கப்போறது நான்" என்று எரிந்து விழுந்தான். ஆனாலும் திரைப்பக்கம் திரும்பி, டிரம்ஸைப் பின்னால் தள்ளினான்.

மாலையில் நவமணி கூட்டத்தின் நடுவே நகத்தைக் கடித்தபடி நின்றாள். ஒலிபெருக்கிகளிலிருந்து அப்பளம் பொரியும் சத்தம் தனியாக எழுந்து, மெல்லப் பெருத்து, மணல்வெளி முழுவதும் பரவியது. பேச்சு அடங்கியது. யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒருத்தி அண்ணாந்து பார்த்தாள். இன்னொருவர் தோள்பையை அவசரமாக மார்போடு அணைத்துக்கொண்டார். மேகமே இல்லாத வானத்தின் கீழ், ஒன்றன்பின் ஒன்றாக உள்ளங்கைகள் மழைக்கு விரிந்தன.

அப்போது டிரம்ஸ் இறங்கியது. நீட்டிய கைகள் நீட்டியபடியே ஆடத் தொடங்கின.