சுவர்ப் பக்கத்து அறை

"பின்பக்கம் அறை எதுவும் இல்லையாம்மா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

நான் அப்போதுதான் முன்னறையின் ஜன்னல் கதவுகளை அகலத் திறந்து வைத்திருந்தேன்.

ஏப்ரல் மாதம். எங்கள் மலையூர் வோல்தெர்ராவில் கோதுமை பச்சையாக நிற்கும் நாட்கள். மலைக்குக் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் பச்சை. அதற்கும் அப்பால் ஒரு கோடுபோலக் கடல். இந்த ஜன்னலுக்காகவே குளிர்காலத்தில் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு.

"கடல்கூடத் தெரியுது பாருங்க. இதுக்குன்னு நான் தனியாக் காசு வாங்குறதில்ல," என்றேன். வழக்கமாக இந்த இடத்தில் வந்தவர்கள் சிரிப்பார்கள்.

அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பவும் இல்லை.

பெயர் எர்சிலியா. கணவர் நெல்லோ. ஃபெர்ராரா பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து விடியும்போதே காரில் கிளம்பி வந்திருந்தார்கள். இருவருக்கும் எழுபதை ஒட்டிய வயது.

"பின்பக்கம் ஒண்ணு இருக்கு. ஆனா அங்க பாக்க ஒண்ணும் கிடையாது. கோட்டைச் சுவர்தான்."

"அது போதும்."

"சுவத்தைப் பாக்கவா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிட்டு வந்தேன்?" என்றார் நெல்லோ. பள்ளத்தாக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "நான் இங்கதான் படுப்பேன். நீ எங்க வேணா போய்ப் படு."

"சரி. ரெண்டு அறையும் குடும்மா."

எனக்குப் புரிந்துவிட்டது.

எங்கள் ஊர்க் கோட்டைக்குள் இருப்பது சிறைச்சாலை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் முன்னறையைக் கேட்பார்கள். உள்ளே ஆள் இருக்கிறவர்கள் பின்னறையைக் கேட்பார்கள். அவர்களிடம் பாதி வாடகைதான் வாங்குவேன்; எதையும் விசாரிக்க மாட்டேன். அம்மாக்கள் அந்த ஜன்னலை விட்டு நகர மாட்டார்கள். அப்பாக்களுக்கு அந்தச் சுவரைப் பார்க்கவே வெட்கமாக இருக்கும்.

அவரைப் பின்னறைக்கு அழைத்துப் போனேன். கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராக ஜன்னலுக்குப் போனார்.

"எந்தப் பக்கம் இருப்பாங்க?"

"அது தெரியாதும்மா. சில நாள் பந்து விளையாடுற சத்தம் கேக்கும்."

அவர் தலையைச் சற்றுச் சாய்த்து நின்றார். ஒரு சத்தமும் வரவில்லை.

பிறகு பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துக் கட்டிலில் விரித்தார். சாம்பல் நிறம், புதிது.

"இதை உள்ள விடுவாங்களா?"

"தலையை மூடுற தொப்பி சேத்துத் தைச்சதுதான் கூடாதுன்னு வர்றவங்க சொல்வாங்க. இதை விடுவாங்க."

"அளவு சரியா இருக்குமான்னுதான் தெரியல. என் பையன் அளவுக்கு வாங்கிட்டேன்."

"அம்மா எடுத்த அளவு எப்படித் தப்பும்?" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "மனசை விடாதீங்க. இன்னிக்கு இல்லாட்டியும் ஒரு நாள் உங்க பையன் வெளிய வந்துடுவான்."

அவர் சட்டையின் கைகளை நீவி நேராக்கினார். இடது கை, பிறகு வலது கை.

"என் பையன் உள்ள இல்லம்மா. எங்க ஊர்க் கல்லறையில இருக்கான். உள்ள இருக்கிறது அவனைக் குத்தினவன்."

நான் கதவோரமாகவே நின்றேன்.

"வேத்து ஆள் இல்ல. ஒரே தெரு. சின்னதுலேர்ந்தே இவன் சட்டைய அவன் போடுவான், அவன் சட்டைய இவன் போடுவான். வீட்டுக்கு வந்தா எது யாருதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. எனக்கும் அவன் அம்மாவுக்கும்." கொஞ்சம் நிறுத்தினார். "அவதான் மாசாமாசம் வந்து பாத்துட்டிருந்தா. பிப்ரவரியில போய்ச் சேர்ந்துட்டா. வேற நாதி இல்ல அவனுக்கு."

"அவங்க கேட்டுக்கிட்டாங்களா, நீங்க வந்து பாக்கணும்னு?"

"என்ன கேக்க நினைச்சாளோ. கடைசி நாள்ல என்னைப் பாக்கணும்னு ஆள் அனுப்பினா. ரெண்டு வீடு தள்ளித்தான் கிடந்தா."

சட்டையை மடிக்கத் தொடங்கினார்.

"நான் போகல."

ஜன்னல் திரையைச் சரிசெய்வதுபோல எதையோ செய்தேன். கோட்டைச் சுவரில் புறா ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது.

"நாளைக்குக் காலைல வரச் சொல்லியிருக்காங்க," என்றார். "இவர் உள்ள வர மாட்டார். வண்டி மட்டும் ஓட்டுறேன், அதுக்கு மேல என்னை எதுவும் கேக்காதேன்னு சொல்லிட்டார். அவரு என்ன செய்வார் பாவம். ஆஸ்பத்திரியில பையனோட முகத்தைப் பாத்து, இவன்தான்னு சொன்னது அவருதான். நான் பாக்கல."

பொழுது சாய்ந்தபோது கம்பளிகளை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.

முன்னறைக் கதவு திறந்திருந்தது. நெல்லோவின் பெட்டி அங்கே இல்லை. படுக்கையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. ஜன்னல் நிறைய மாலை. பார்க்க ஆள் இல்லை.

பின்னறையில் எர்சிலியா ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார். நெல்லோ நாற்காலியைத் திருப்பிப் போட்டு, கோட்டைச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கால்மேல் இருந்தன. மேல்சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

என்னைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அந்த அறையில காத்து ஜாஸ்தியா இருக்கும்மா," என்றார்.

"ஆமாங்க," என்றேன். "அது எப்பவுமே அப்படித்தான்."

இரண்டு கம்பளிகளையும் கட்டிலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

வெளியே ஓர் இலைகூட அசையவில்லை.