இரவல் கொடுத்த பாட்டில்

பாடாலூர் பெட்ரோல் பங்க்கில், ஊழியர்களின் உடம்பில் பெட்ரோல் ஆவியிலுள்ள பென்சீன் நஞ்சு ஏறியிருக்கிறதா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். அளவு கூடினால் வேலை போய்விடுமோ என்று பயந்து, அங்கே பம்பில் நிற்கும் ஜான் பீட்டர் என்னிடம் ஓடிவந்தான்.

"அண்ணே, இந்த பாட்டில்ல ஒங்களதப் புடிச்சுக் குடுங்க. நீங்க பங்க்க விட்டு ஆறு வருசமாச்சுல்ல."

"தாராளமா எடுத்துக்கடா. கொள்ளிடமே தோத்துப்போற சுத்தம். மாவட்டத்துக்கே குடுப்பேன்!"

ரிசல்ட் வந்தது. பெட்ரோலையே குடித்தவனுக்குக்கூட அவ்வளவு பென்சீன் இருக்காதாம். பீட்டரைப் பம்பிலிருந்து ஏ.சி. அறைக்கு மாற்றிவிட்டார்கள். பயல் எனக்கு ஒரு கிலோ அல்வா வாங்கிவந்தான்.

காலியான இடத்துக்கு நான் வரட்டுமா என்று அரியலூர் வீட்டிலிருந்து கேஷியர் வளர்மதிக்குப் போன் போட்டேன்.

வளர்மதி சிரித்தாள். "ஏண்ணே, காலையிலேருந்து ரெண்டாவது பம்புல நின்னுக்கிட்டு எதுக்குப் போன் பண்றீங்க? இதோ, கையாட்டுறீங்களே!"